டிவியின் முதுகில் ஒரு கை

அப்பா வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றுவார். அடுத்த வேலையாக, டிவியின் முதுகில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். முகம் கழுவுவது, காபி கேட்பது எல்லாம் அதற்கப்புறம்தான். திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் அவருக்குக் கமிஷன் கடை. மூட்டைக்குள் கையை விட்டதுமே எந்த மல்லிகை சூடேறி வாடப்போகிறது என்று சொல்லிவிடுவார். கை பொய் சொல்லாது என்பது அவருடைய தொழில் நம்பிக்கை. அதையே வீட்டுக்கும் கொண்டுவந்தார்.

காரணம், மாமா தம்பிக்கு வாங்கித் தந்த வீடியோ கேம். தொண்ணூறுகளில் நாகல் நகரில் எங்கள் தெருவுக்கே அது ஒன்றுதான். அரையாண்டில் தம்பி கணக்கில் ஃபெயில். கேட்டால் எதிர்த்தும் பேசினான். எல்லாம் அந்தப் பெட்டி செய்த வேலை என்று அப்பா முடிவுகட்டினார். இனி ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். மற்ற நாளில் டிவி சுட்டால் தொப்பம்பட்டிப் பக்கம் ஹாஸ்டல் என்று சொல்லிவிட்டார். தம்பிக்கு ஹாஸ்டல் என்றாலே பயம். அன்றோடு அவன் ஜாய்ஸ்டிக்கைத் தொடவில்லை.

எனக்கு அப்போது பிளஸ் டூ ஸ்டடி லீவு. மதியம் அம்மா அசந்து தூங்குவாள். நான் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துக்கொண்டு நாலு மணிவரை விளையாடுவேன். ஈரத்துணியால் டிவியைத் துடைத்துவிட்டு, புத்தகத்தோடு உட்கார்ந்துவிடுவேன். பொம்பளைப் பிள்ளைக்கு அந்தக் கருமமெல்லாம் தெரியாது என்று வீட்டில் அத்தனை பேரும் நம்பினார்கள். எனக்கு அது எவ்வளவு சௌகரியமாக இருந்தது!

அப்பா ஐந்து மணிக்குத்தான் வருவார். ஒரு நாள், தாடிக்கொம்புத் தோட்டக்காரர்களைப் பார்க்கப் போனவர் சீக்கிரமே திரும்பிவிட்டார். டிவியை அணைக்கத்தான் நேரம் இருந்தது, துடைக்க இல்லை. தம்பியும் அப்போதுதான் பள்ளியிலிருந்து வந்து பையை இறக்கினான்; அவன் வந்ததை அப்பா பார்க்கவில்லை.

"ஏலே, வெளாண்டியா?"

"இல்லப்பா, இப்பத்தான் வாரேன்."

"இம்புட்டுக் கொதிக்குது. என் கை பொய் சொல்லுமாடா?"

"சாமி சத்தியமா இல்லப்பா! அக்கா, நீயாவது சொல்லுக்கா."

"நான் படிச்சுக்கிட்டு இருந்தேன்ப்பா. கவனிக்கல."

அவ்வளவுதான் சொன்னேன். ஜூன் மாதம் டிரங்குப் பெட்டியோடு பஸ் ஏறும்போது தம்பி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவனுக்குத் தெரியும் என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன். நல்லது கெட்டதுக்கு வருகிறான், சாப்பிடுகிறான், போகிறான். என்னிடம் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசுவதில்லை. அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். கடைசிவரை அவரிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அந்த விளையாட்டு பிள்ளையைக் கெடுக்கும் என்று அவர் சந்தேகப்பட்டது சரிதான். எந்தப் பிள்ளையை என்பதில்தான் ஏமாந்துபோனார்.

போன வாரம் வேலை முடிந்து வந்ததும் என் கை தானாக மேஜைமேல் இருந்த செல்போனின் முதுகுக்குப் போனது. கொதித்தது.

"நான் எடுக்கலம்மா, சத்தியமா!" என்று மகன் பதறினான்.

நான் அவனைப் பார்க்கவில்லை. மூலையில் புத்தகத்திலிருந்து தலையே நிமிராமல் படித்துக்கொண்டிருந்த மகளைப் பார்த்தேன்.