திரும்பி வந்த காயில்

காயிலக்கா கோபத்தோடுதான் ஆஸ்பத்திரிப் படியேறினாள். கூட வந்த கணவர் இரண்டு படி பின்தங்கியே ஏறினார். பக்கத்தில் போனால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கும்.

பழுதான மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றி, அதாவது காயில் கட்டிக் கொடுக்கிற கடை அவளுடையது; அதனால்தான் அந்தப் பெயர். ‘கட்டிய காயில் திரும்பி வராது’ என்று வாசலில் எழுதியே வைத்திருந்தாள். போன வருடம் அவளுடைய மூளையில் ரத்தக்குழாய் ஒன்று குமிழியாகப் புடைத்து வெடித்தது. தொடை வழியாக மெல்லிய குழாயை விட்டு, குமிழிக்குள் பிளாட்டினக் கம்பியைச் சுருட்டி அடைத்துக் காப்பாற்றினார்கள். அதற்கும் காயில் என்றுதான் பெயர் என்று தெரிந்ததும், படுக்கையில் கிடந்தபடியே சிரித்தாள் மனுஷி. இப்போது பரிசோதனைக்கு வா என்றால்? ஒழுங்காகக் கட்டியிருந்தால் எதற்குத் திரும்பி வர வேண்டும்?

பரிசோதனை முடிந்ததும் டாக்டரம்மா மூளையின் படத்தைக் காட்டினார். “ரத்தம் அடிச்சு அடிச்சு காயில் அமுங்கிடுச்சும்மா. குமிழியோட வாய்ல மறுபடி ரத்தம் போகுது. இப்படியே விட்டா திரும்ப வெடிக்கலாம்.”

காயிலக்கா அந்தப் படத்தை இழுத்து, பழுதான மோட்டாரைப் பார்ப்பதுபோல் உற்றுப் பார்த்தாள். “சரி, பழசைப் பிரிச்சு எடுத்துட்டுப் புதுசாக் கட்டுங்க.”

“ஐயையோ, பிரிக்கக் கூடாது! பழசு அப்படியே இருக்கும். மேலயே இன்னும் கொஞ்சம் காயில் வச்சு, அது குமிழியை விட்டு வெளிய வராம ரத்தக்குழாய்க்குள்ள ‘ஸ்டென்ட்’னு வலைக்குழாய் ஒண்ணு போடுவோம்.”

“மேலயே கட்டுறதா? எங்க தொழில்ல அதுக்குப் பேரு ஏமாத்து வேலை!”

டாக்டரம்மா சிரித்துவிட்டார். “நீங்க மோட்டாரை நிறுத்திட்டு வேலை பாக்குறீங்க. இது ஓடிக்கிட்டே இருக்கிற மோட்டாரும்மா.”

சிகிச்சைக்கு எந்தத் தேதி என்று கேட்டாள் காயிலக்கா.

வெளியே வந்ததும் கணவர் உடைந்துபோனார். “போதும்மா, கடையை மூடிடலாம். மண்டைக்குள்ள கம்பிய வச்சுக்கிட்டு இன்னும் கம்பி சுத்தப் போறியா?” கடையை வாடகைக்கு விட ஆள்கூடப் பார்த்துவிட்டாராம்!

அவளுக்கும் பயம்தான். சிகிச்சைக்குப் படுத்தவள் எழுந்திருக்காமலே போய்விடலாம். ஆனால் கடையை மூடிவிட்டு வீட்டில் உட்கார்ந்து சுவரையா பார்ப்பது?

“என் மண்டையில இருக்கிற கம்பிய அவங்க பாத்துக்கட்டும். கடையில இருக்கிற கம்பிய நான் பாத்துக்கறேன். அந்த ஆளை வர வேண்டாம்னு சொல்லுங்க, இப்பவே!”

இரண்டாவது சிகிச்சையும் நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா கண்டிப்பாகச் சொன்னார்: “மாத்திரையை நிறுத்தக் கூடாது. பிரஷர் ஏறக் கூடாது. ஆறு மாசத்துல திரும்ப வரணும்.”

இதோ வெடிக்கப் போகிறாள் என்று கணவர் கையைப் பிசைந்தார்.

“வர்றேன் டாக்டர். என் கடைக்கு நின்னுபோன மோட்டாரைத்தான் தூக்கிட்டு வருவாங்க. நான் ஓடிக்கிட்டே வருவேன், பாருங்க.”

ஆட்டோவில் ஏறியதும் கணவரிடம் கையை நீட்டி, கடைச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.