தேய்பிறைக்குக் காத்த மூங்கில்

கயிறு முறுக்க இரண்டு பேர் வேண்டும். பேச்சிப்பாறை அணைக்குப் பக்கத்தில் ஓவர்சியர் குடியிருப்பின் வராந்தாவில், ஒரு முனையில் ததேயுஸ் உட்கார்ந்து தென்னந்தும்பைப் பிரித்துக் கொடுத்தார். மறுமுனையில் அவருடைய மகன் அல்போன்ஸ் குச்சியைச் சுழற்றிக்கொண்டே பின்னால் நகர்ந்தான். அவன்தான் அங்கே ஓவர்சியர்.

"மெள்ள சுத்து மக்கா. நீ மண்ணளக்குத சங்கிலின்னு நெனச்சியா?"

அவன் மெதுவாகச் சுற்றினான். அன்று தை மாதத்துப் பௌர்ணமி. மறுநாள் தேய்பிறை. மலைச்சரிவிலிருந்து ஒரு மூங்கிலை வெட்டி இழுத்துவர அந்தக் கயிறு. அப்பாவும் மகனும் சேர்ந்து செய்த கடைசி வேலை அதுதான்.

ததேயுஸ் மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கட்டுமரக்காரர். மீசை முளைக்காத வயதிலிருந்து கூட்டாளி ஏசுஅடிமையோடு ஒரே மரத்தில் கடலுக்குப் போனவர். மனைவி காய்ச்சலில் போன பிறகு, சோறு பொங்கி மகனைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத்தான் வலையைத் தொடுவார். அல்போன்ஸ் திருவனந்தபுரத்தில் ஓவர்சியர் பரீட்சை தேறி அணைக்கு வேலைக்கு வந்தபோது அவர் கேட்டது ஒன்றுதான்: அந்த அணைத் தண்ணீரில் என்ன மீன் கிடக்கும்?

அந்த வருடம், அதாவது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நான்கில், அவருக்கு மூச்சிளைப்பு முற்றிவிட்டது. நாகர்கோவிலில் பார்த்த டாக்டர் மருந்தைவிடக் காற்றைத்தான் நம்பினார். உப்புக்காற்றும் அடுப்புப் புகையும் இல்லாத இடத்தில் கொஞ்ச நாள் வைத்துப் பார்க்கச் சொன்னார். அல்போன்ஸ் அப்பாவைக் குலசேகரம்வரை பஸ்ஸிலும், அங்கிருந்து மாட்டுவண்டியிலும் ஏற்றி மலைக்குக் கொண்டுவந்தான். அவர் ஒரு சாக்கில் தும்பை அடைத்துக்கொண்டு வந்தார். சும்மா இருக்கும் கை அவருக்குத் தெரியாது.

முதல் நாள் நீர்த்தேக்கத்தைப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார்.

"அலையில்லியே மக்கா. செத்துக் கெடக்கு."

காவலாள் ஐயப்பன் விடவில்லை. "அலை வேணும்னா ஆனி ஆடியில வாரும். அப்பம் பாத்துக்கிடும்" என்றான்.

கடல் இரைச்சல் இல்லாமல் அவருக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் காலையிலேயே ஊருக்குப் போகவேண்டும் என்று தொடங்கினார். அல்போன்ஸுக்கு வாதாடத் தெம்பில்லை. வண்டி சொல்கிறேன், அதற்குமுன் அணையிலிருந்து போகும் சானல் கால்வாய்க் கரையில் கொஞ்சம் நடந்துவிட்டு வரலாம் என்று கூட்டிப்போனான்.

மலைச்சரிவை ஒட்டிச் சானல் திரும்பும் இடத்தில் ஒரு மூங்கில் புதர். ததேயுஸ் நின்றுவிட்டார். மூச்சு வாங்குவதைக்கூட மறந்து உள்ளே நுழைந்து, ஒவ்வொன்றாக விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனார். ஒன்றின்மேல் கையை வைத்தார். எடுக்கவில்லை.

கட்டுமரத்துக்குத் துடுப்பு, பிளந்த மூங்கில். ததேயுஸும் ஏசுஅடிமையும் ஒரே மூங்கிலை இரண்டாகப் பிளந்து ஆளுக்கொரு பாதி வைத்துக்கொள்வார்கள். வேறுவேறு மூங்கில் என்றால் வேறுவேறு கனம், மரம் ஒரு பக்கமாக ஒதுங்கும் என்பது அவர்கள் கணக்கு. ஒரு பாதி உடைந்தால் நல்ல பாதியையும் அடுப்பில் வைப்பார்கள். ததேயுஸின் பாதி கார்த்திகையில் உடைந்துபோயிற்று. மலைக்குப் போகிற மனுஷனிடம் ஏசுஅடிமை சொல்லிவிட்டிருந்தது அதைத்தான்: நல்லதாக ஒரு மூங்கில்.

கடலுக்கு இனி அவரை விடக்கூடாது என்று அல்போன்ஸ் மனதுக்குள் தீர்மானித்திருந்தான். சொல்லியும் பார்த்தான்.

"இனி கடல் வேண்டாம்ப்பா. எங்கூட இங்கயே இருங்க."

"இருந்து? ஒனக்க கொளத்துக்குக் காவல் கெடக்கவா? ஏசுஅடிமை அங்க ஒத்தையா நிக்கான்லா."

"சரி. ஐயப்பன விட்டு இப்பமே வெட்டச் சொல்லுதேன்."

"வளர்பிறையில வெட்டப்படாது. புழு அரிச்சிரும். நெலா தேயட்டும்."

அப்படிப்பட்ட கணக்குகளை அல்போன்ஸ் நம்புகிறவன் இல்லை. ஆனாலும் சரி என்று தலையாட்டினான். டாக்டரும் மகனும் சொல்லி நிறுத்தமுடியாத மனுஷரை நிலா நிறுத்திவைத்தது. ததேயுஸ் மடியிலிருந்து தும்புக்கயிறு எடுத்து, நெஞ்சு உயரத்தில் மூங்கிலைச் சுற்றி ஒரு முடிச்சுப் போட்டார். வலைக்குப் போடுகிற முடிச்சு.

அதன் பிறகு அவர் ஊர்ப்பேச்சு எடுக்கவில்லை. மூடுபனி விலகும்வரை போர்வைக்குள் கிடந்தார். குறுமிளகு போட்ட கருப்பட்டிக் காப்பி குடித்தார். மத்தியானம் அயர்ந்து உறங்கினார். அப்பா பகலில் தூங்கி அல்போன்ஸ் பார்த்ததே இல்லை. கடல்காரன் பகலில் ஒறங்கினா தையிலேயே மழை வரும் என்று ஐயப்பன் கேலி செய்தான். நெஞ்சில் விசில் சத்தம் குறைந்தது. ராத்திரி அவர் மூச்சை எண்ணிக்கொண்டு கிடக்கிற வேலை அல்போன்ஸுக்கு இல்லாமல் போயிற்று. பல மாதத்து அசதியில் அவனும் உறங்கினான்.

பௌர்ணமியன்று கயிறு முறுக்கி முடித்து ஆணியில் மாட்டினார்கள். விடிந்ததும் போகலாம் என்றார். விடியும்போது மூச்சு முட்டி அவரால் எழுந்து உட்கார முடியவில்லை. வண்டியில் வைக்கோல் பரப்பிப் படுக்கவைத்துக் கீழே கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரியில் ஓரிரு நாள் கிடந்தார். மூங்கிலைப்பற்றிக் கேட்டார், கடலைப்பற்றிக் கேட்கவில்லை. பிறகு அடங்கிப்போனார்.

கடற்கரைக் கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டு எல்லோரும் கலைந்தபின் ஏசுஅடிமை மட்டும் அல்போன்ஸோடு நின்றார்.

"மூங்கில் கண்டானா?"

"கண்டாரு மாமா. முடிச்சுப் போட்டு வச்சிருக்காரு."

"நீ கொண்டாருவியா?"

"கொண்டாறேன்."

ஏசுஅடிமை காலால் மணலைச் சமப்படுத்திக்கொண்டிருந்தார்.

"ஒரு பாதி எனக்கு. மத்தப் பாதி ஆருக்கு மக்கா?"

அல்போன்ஸ் கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டான்.

பூசைகளும் சடங்கும் முடித்து அவன் மலைக்குத் திரும்பியபோது அமாவாசை கழிந்திருந்தது. வராந்தாவில் கயிறு ஆணியிலேயே தொங்கியது. அன்று சாயங்காலமே அதைத் தோளில் போட்டுக்கொண்டு, ஐயப்பனின் வெட்டுக்கத்தியையும் வாங்கிக்கொண்டு சானல் கரைக்குப் போனான்.

முடிச்சு பனியில் நனைந்து இறுகியிருந்தது. அவன் அதை விரலால் அசைத்துப் பார்த்தான். அசையவில்லை. கத்தியை ஓங்கும்போது மேற்கே மரங்களுக்குமேல் பிறை தெரிந்தது. கீற்றுப் பிறை, இனி வளரப்போவது.

கத்தியைத் தாழ்த்தினான்.

குடியிருப்புக்கு வந்து கத்தியை ஐயப்பனிடம் கொடுத்தான். வெட்டலையா என்று அவன் கேட்டான்.

"இப்பம் வெட்டப்படாது" என்று சொல்லி, அல்போன்ஸ் கயிற்றை மறுபடி ஆணியில் மாட்டினான்.