கோபிநாதனுக்குக் கிடைத்த பதக்கம்

போன ஞாயிறு கேரம் டவுன்ஸ் கோயிலில் மதியச் சாப்பாட்டுக்கு வரிசையில் நின்றேன். முன்னால் நின்றவர் திரும்பினார். எங்கள் தமிழ் விளையாட்டுக் கழகத்தின் பழைய தலைவர். பெயர் வேண்டாம், தலைவர் என்றே வைத்துக்கொள்வோம். பேரனுக்குப் பள்ளிக்கூட உதைபந்தாட்டத்தில் வெள்ளைப் பிள்ளைகள் பந்தே கொடுப்பதில்லையாம். “இது துவேசம், தம்பி. நிறம் பாத்து நடத்திறாங்கள்” என்றார். அதற்குள் என் தட்டில் விழுந்திருந்த சாம்பார் சாதத்திலிருந்து ஆட்டுக்குடல் மணம் எழும்பியது. கோயிலில் வைத்து அப்படி நினைக்கக்கூடாதுதான். ஆனாலும் எழும்பியது.

அந்த மணம் எனக்குப் பழக்கம். மெல்பேர்னுக்கு வந்த புதிதில் டண்டினோங் பக்கம் ஓர் இறைச்சித் தொழிற்சாலையில் குடல் கழுவினேன். வீட்டுக்கு “உணவுத் துறையில் வேலை” என்று சொல்லியிருந்தேன். பொய் இல்லை, பாருங்கள். சுடுநீரும் குளோரினும் சாணமும் கலந்த அந்த நாற்றம் எந்தச் சவர்க்காரத்துக்கும் மசியாது. ரயிலில் எவ்வளவு சனம் நெருக்கினாலும் எனக்குப் பக்கத்துக் கதிரை காலியாகவே வரும்.

அந்தக் கதிரையில் கூசாமல் உட்கார்ந்த ஒரே ஆள் கோஃபி. அவனும் அதே தொட்டியில் கழுவியவன். மேற்கு ஆபிரிக்காவில் ஒரு துறைமுக நகரத்தவன். வெள்ளிக்கிழமை பிறந்தவன் என்பதால் அந்தப் பெயராம். தொழிற்சாலைத் தமிழர்களுக்கு அவன் ‘கோபி’. அப்படிக் கூப்பிட்டாலும் சிரித்துக்கொண்டு திரும்பிப் பார்ப்பான்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவன் தன் ஊர் உதைபந்தாட்டக் கழகத்தின் கதையைச் சொல்லுவான். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்கள் தொடங்கிய கழகம் அது. வெள்ளைக்கார அதிகாரிகள் புல்தரையில் கால்வைக்க விடவில்லை. பண்டகசாலைக்குப் பின்னால் மணலில், வெறுங்காலோடு ஆடிப் பழகினார்கள். பிறகு ஒருநாள் அதே அதிகாரிகளின் அணியை அதே புல்தரையில் வென்றார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு நாட்டின் கிண்ணம் பலமுறை அவர்களிடம் வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருமுறை ஆபிரிக்காக் கண்டம் முழுவதற்குமான கிண்ணம். இறுதி ஆட்டம் வடக்கே, பாலைவன நகரம் ஒன்றில். கோஃபி அப்போது இளம் இடதுகரை ஆட்டக்காரன். கடைசி நேரத்தில் களமிறங்கி, வெற்றிக்கோலுக்குப் பந்து எடுத்துக் கொடுத்தவன் அவன்தான். ஊர் திரும்பியபோது சனம் தண்டவாளத்தில் உட்கார்ந்துவிட்டதாம். ரயில் நகராமல், ஆட்டக்காரர்கள் கடைசி இரண்டு மைலும் தோள்களில் வந்தார்கள்.

இதையெல்லாம் நான் தலைவரிடம் சொல்லப்போய்த்தான் வினை. தமிழ்க் கழகங்களின் போட்டிக்கு ஆள் குறைகிறது, கூட்டிவா என்றார். தமிழர் மட்டுமே ஆடலாம் என்பது விதி, அதனால் ஆட்டக்காரர் பட்டியலில் ‘கோபிநாதன்’ என்று அவரே எழுதினார். எல்லாரும் சிரித்தோம். கோஃபிக்கு முழங்கால் போயிருந்தது. ஆனாலும் இறுதி ஆட்டத்தில் மூன்று கோல் போட்டான். எங்கள் பெண்டுகள் குடையை மறந்து மழையில் நின்று “கோபி, கோபி” என்று கத்தினார்கள்.

பரிசளிப்பு விருந்து மாலையில். கோஃபி இஸ்திரி போட்ட சேர்ட்டில், வாசனைத் திரவியத்தில் குளித்தவன்போல வந்தான். பின்வரிசையில் இருந்தோம். சிறந்த ஆட்டக்காரன் கோபிநாதன் என்று அறிவித்தார்கள். கோஃபி எழும்பினான். அதற்குள் தலைவரின் மகன் மேடைக்கு ஏறிக் கழுத்தை நீட்டினான். அன்று ஆட்டம் முழுவதும் களத்துக்கு வெளியே கதிரையில் இருந்தவன் அவன். பதக்கம் விழுந்தது, படம் எடுத்தார்கள், சபை கைதட்டியது. கோஃபியும் நின்றபடியே கைதட்டினான்.

குசினி வாசலில் தலைவரைப் பிடித்துக் கேட்டேன்.

“கறுவலை மேடையில ஏத்தினால் படம் என்னெண்டு வரும்? ஊர்ப் பேப்பருக்கும் அனுப்ப வேணும். அவனுக்குச் சாப்பாடு குடுத்தனாங்கள் தானே” என்றார். கையில் ஆட்டிறைச்சி ரோல்ஸ்.

அவர் என்னைவிட ஒரு பிடி கறுப்பு. அந்த ரோல்ஸிலிருந்து குடல் மணம் எழும்பியது. தொட்டியில் கை விட்ட முதல்நாள்கூட அப்படி நாறவில்லை. அன்றோடு அந்தக் கழகத்தை விட்டேன். அதற்காக அங்கே ஒருவரும் அழவில்லை.

திரும்பும் ரயிலில் கோஃபி என் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தான். பிறகு சொன்னான்: “எங்கள் ஊர்க் கழகமும் இப்படித்தான் அழியத் தொடங்கியது. முதலில் நிர்வாகிகளின் பிள்ளைகள் படத்தில் வந்தார்கள். அடுத்த வருடம் அணியில் வந்தார்கள்.”

கோஃபி பிறகு பேர்த்துக்குச் சுரங்க வேலைக்குப் போனான். கொஞ்சக் காலம் தொலைபேசியில் பேசினோம், பிறகு இலக்கமும் மாறிவிட்டது. தொழிற்சாலை இருந்த இடத்தில் இப்போது வரிசையாக மாடிவீடுகள். அங்கே குடியிருப்பவர்களுக்கு எதுவும் மணக்காது. அவனுடைய கழகம் தரம் இறங்கி இறங்கி, கடைசியில் போட்டிகளிலேயே இல்லாமல் போனது. மைதானத்தை நிர்வாகிகள் கப்பல் கொள்கலன்கள் அடுக்க விற்றுவிட்டார்கள். அந்த நகரத்தில் பஸ் நடத்துநர்கள் இன்னும் மைதானத்தின் பெயரைச் சொல்லித்தான் ஆட்களை இறக்குகிறார்களாம். கடைசியாகப் பேசியபோது கோஃபி சொன்னது. இறங்கிப் பார்த்தால் இரும்புப் பெட்டிகள்தான்.