வெடிமருந்துப் பெட்டியில் ஒரு புத்தக அலமாரி

பழைய அலமாரியைக் கரையான் தின்றது. புத்தகங்களையும் விடவில்லை.

இம்முறை, எங்கள் ஊர்ச் சுரங்கத்துக்கு வெடிமருந்து வந்த காலிப் பெட்டிகளை வாங்கி, தார் பூசி, ஒன்றோடொன்று ஆணி அடித்து நிறுத்தினேன். தடித்த பலகை, விலையும் மலிவு.

"பலகையிலே மருந்து ஊறியிருந்தா இன்னா பண்ணுவீங்க?" என்றாள் மனைவி. குழந்தையின் தொட்டிலை அடுத்த அறைக்கு மாற்றிவிட்டாள்.

இன்று மத்தியானம் டமாரென்று ஒரு சத்தம். வீடே குலுங்கியது.

"சொன்னேனே, வெடிச்சிடுச்சே!" என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். அவள் பேச்சை நம்பாத நானும் பின்னாலேயே ஓடினேன்.

தெருவே வெளியில் நின்றது. எல்லார் வீட்டிலுமா என் அலமாரி இருக்கிறது?

சுரங்கத்தில் இறங்கும் ஷாஃப்ட் பக்கமிருந்து வந்த எதிர்வீட்டு மேஸ்திரி, "கீழே பாறை அழுத்தம் தாங்காம தானா வெடிச்சிதுங்க. நல்லவேளை, ஷிப்ட் ஆளுங்க எல்லாரும் மேலே வந்துட்டாங்க" என்றார். அப்போதுதான் தெரு மூச்சு விட்டது.

உள்ளே போய்ப் பார்த்தோம். சுவரில் விரிசல். கூரையிலிருந்து ஓடுகள் விழுந்திருந்தன. அலமாரியிலிருந்து ஒரு புத்தகம்கூட விழவில்லை.

மனைவி தொட்டிலைக் கொண்டுவந்து அலமாரியின் பக்கத்திலேயே போட்டாள்.

"இந்த ஊட்டுலே கெட்டியா நிக்கிறது இது ஒண்ணுதான்."

அடுத்து வீட்டையும் அதே பெட்டிகளால் கட்டலாமா என்று யோசிக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?