மெத்தை மேல் படுத்த லேப்டாப்

அண்ணிக்கு வீட்டில் இன்னொரு பெயர் உண்டு: பத்திரம். வைத்தவள் அவளுடைய நாத்தனார். பெயருக்கேற்றபடிதான் அண்ணியும். வாசற்கதவைப் பூட்டி இழுத்துப் பார்ப்பாள். படி இறங்கிய பிறகு திரும்பி ஏறிவந்து இன்னொரு முறை இழுப்பாள். பிறந்த மண்ணை விட்டுத் தொலைதூரம் வந்து குடியேறியவள். இங்கே ஒன்று தொலைந்தால் தேடித்தர ஆளில்லை என்ற பயம் அவளை விட்டபாடில்லை.

அந்தப் பயத்தோடுதான் வேலையும் பார்த்தாள். படுக்கையறை மூலையில், ஜன்னலுக்கு முதுகு காட்டிப் போட்ட மேஜையில் லேப்டாப். திரையில் ஒரு பக்கம் டாக்டர், மறுபக்கம் நோயாளி. அவர் சொல்வதை இவருக்கும், இவர் கேட்பதை அவருக்கும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும். இரண்டு மொழியில் படித்ததற்கு அந்த ஊர் கொடுத்த சோறு அது.

கொஞ்ச காலமாக லேப்டாப் படுத்தியது. பேசிக்கொண்டிருக்கும்போதே படம் உறைந்து நிற்கும். போன வாரம் வயிற்றுப்பிள்ளைக்காரி ஒருத்தி, "பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகாதில்ல?" என்று கேட்டாள். ஆகாது என்றார் டாக்டர். அதைச் சொல்ல அண்ணி வாயைத் திறந்ததும் எல்லாம் நின்றுபோனது. லேப்டாப்பை அணைத்து மறுபடி உயிர்ப்பிப்பதற்குள் அழைப்பு வேறொருவர் கைக்குப் போய்விட்டது. சொல்லாமல் விட்ட அந்த ஒரு வார்த்தை அவள் தொண்டையிலேயே கிடந்தது.

மறுநாள் மேலாளர் போன் செய்தார். "கோபத்துல சொல்லலம்மா. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா உங்களை வீடியோ வேலையிலிருந்து எடுக்க வேண்டியிருக்கும். நோயாளி காத்துக்கிட்டு இருக்க முடியாதில்ல."

அண்ணி முதலில் இணையத்தின் மேல் பழி போட்டாள். புது வயர் வாங்கினாள். பிறகு லேப்டாப்புக்கு அடிபட்டிருக்கும் என்று தோன்றி, மேஜையில் போர்வையை நாலாக மடித்து அதன்மேல் படுக்கவைத்தாள். தூசி போகாமலிருக்கச் சுற்றிலும் ஒரு துண்டு. அவள் பார்த்துப் பார்த்துச் செய்யச் செய்ய அது இன்னும் மோசமானது; அழைப்பு அறுபடாமல் தப்பியதே பெரிது. கடைசியில் வேறு வழியில்லாமல் நாத்தனாரைக் கூப்பிட்டாள்.

நாத்தனார் ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் கணினிகளைப் பார்த்துக்கொள்பவள். வந்ததும் வராததுமாகத் துண்டை விலக்கினாள்.

"என்ன அண்ணி, பிள்ளைக்குக் காய்ச்சலா? இப்படிப் போத்தி வச்சிருக்கீங்க."

"கிண்டல் பண்ணாதம்மா. புதுசு வாங்கிடலாமா?"

"இருங்க, முதல்ல நோய் என்னன்னு பார்ப்போம்."

ஒரு பெரிய வீடியோவை டிஸ்கில் இன்னொரு இடத்துக்குக் காப்பி செய்தாள். திரையில் ஓட்டமாய்க் கிளம்பிய வேக எண் சற்று நேரத்தில் நொண்டத் தொடங்கியது. லேப்டாப்பின் அடிவயிற்றைத் தொட்டவள் கையை உதறினாள்.

"உள்ள எல்லாத்தையும் சேமிச்சு வைக்கற டிஸ்க், எஸ்.எஸ்.டி., ரொம்பச் சூடாச்சுன்னா தன்னைக் காப்பாத்திக்க வேகத்தைக் குறைச்சுக்கும். நீங்க காத்துப் போற ஓட்டையெல்லாம் போர்வையால அடைச்சிட்டீங்க. சூடான ரொட்டியைக்கூட நாங்க துணியில சுத்தி வைக்கமாட்டோம்."

அடுக்களைக்குப் போய்க் கேக் ஆறவைக்கும் கம்பித்தட்டை எடுத்துவந்து, லேப்டாப்பை அதன்மேல் வைத்தாள். கொஞ்சம் ஆறியதும் மறுபடி காப்பி செய்தாள். இந்த முறை எண் அவ்வளவு சரியவில்லை. ஆனாலும் அவள் முகம் தெளியவில்லை.

"இன்னொண்ணும் இருக்கு. டிஸ்க்ல மூச்சுவிட இடமே இல்ல." திரையை அண்ணி பக்கம் திருப்பினாள். குடும்பப் படங்கள், வீடியோக்கள் எல்லாம் ஒரு ஃபோல்டரில். பக்கத்திலேயே 'பத்திரம்'. அதற்குப் பக்கத்தில் 'மிகப் பத்திரம்'. மூன்றிலும் ஒரே படங்கள்.

அண்ணிக்கு வெட்கமாகிவிட்டது. "ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்கட்டும்னுதான்."

"மூணும் ஒரே டிஸ்க்ல இருந்தா, அது போனா மூணும் சேர்ந்தே போகும் அண்ணி. இடம் காலியா இருந்தாத்தான் அது எழுதவே சுலபமா எழுதும். போதாக்குறைக்கு, நீங்க டாக்டர்கிட்ட பேசறப்பவும் பின்னால ஒரு புரோகிராம் காப்பி எடுத்துக்கிட்டே இருக்கு. பாவம், அது எத்தனை வேலை பார்க்கும்?"

அண்ணி சிரித்துவிட்டாள். வெகுநாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு.

நாத்தனார் தன் பையிலிருந்து வெளிடிஸ்க் ஒன்றை எடுத்து எல்லாவற்றுக்கும் ஒரு பிரதி எடுத்தாள். பிறகு, 'பத்திரம்' ஃபோல்டரை அழிக்கும் பொத்தானை அண்ணி விரலாலேயே அழுத்தவைத்தாள். அடுத்தது 'மிகப் பத்திரம்'. ஒவ்வொன்றுக்கும் அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள். பின்னால் காப்பி எடுத்த புரோகிராமும் போனது.

மறுநாள் முதல் அழைப்பு ஒரு தகப்பனுடையது. மகனுக்கு அறுவைச் சிகிச்சை. அவருக்குக் கேள்விக்குப் பின்னால் கேள்வி. மயக்கம் எப்போது தெளியும், தண்ணீர் எப்போது கொடுக்கலாம், பக்கத்தில் தான் இருக்கலாமா. டாக்டர் சொன்ன ஒவ்வொன்றையும் அண்ணி சொன்னாள். படம் உறையவில்லை. "இருக்கலாம், நீங்க பக்கத்துலயே இருக்கலாம்" என்று அவள் முழுசாகச் சொல்லி முடித்தபோது, அந்த மனிதர் மூக்கை உறிஞ்சியதுகூடத் தெளிவாகக் கேட்டது.

வாரம் முழுக்க ஓர் அழைப்பும் அறுபடவில்லை. மேலாளரிடமிருந்து போனும் வரவில்லை.

வார முடிவில் நாத்தனார் விட்டுப்போன வெளிடிஸ்கை அண்ணி கைக்குட்டையில் சுற்றி அவள் வீட்டுக்குக் கொண்டுபோனாள். "இது உன்கிட்டயே இருக்கட்டும்மா. வேற யாரை நம்பறது நான்."

நாத்தனார் அதை வாங்கி அலமாரியில் வைத்தாள்.

"பூட்டிட்டியா?"

நாத்தனார் அலமாரியைப் பூட்டும் ரகமே அல்ல. இருந்தாலும் எழுந்துபோய்ச் சாவியைத் தேடிப் பிடித்துப் பூட்டினாள். கைப்பிடியை இழுத்துப் பார்த்தாள். அண்ணி இன்னும் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு, அவளுக்காக இன்னொரு முறையும் இழுத்தாள்.