நல்ல நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்

ஒரு வெள்ளிக்கிழமை, ஆழ்வார்திருநகரியிலிருந்து திருநெல்வேலி வரும் பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்தவர் ஓய்வு பெற்ற அரசு அலுவலக உதவியாளர். நரைத்த மீசை, தேய்த்த சட்டை. மடியிலிருந்த பைலை அடிக்கடி தடவிக்கொண்டார். சம்பளத்தில் பிடித்த பணத்தைத் திரும்பக் கேட்கும் விண்ணப்பம் அதில் இருந்தது. அதை வாங்க வேண்டிய பாளையங்கோட்டை ஆபீஸ் கிளார்க் பன்னிரண்டு மணிக்கு மேல் ஒரு மாத லீவில் போகிறாராம்.

“பென்ஷன் வராதா சார்?” என்று தயங்கிக் கேட்டேன்.

“என்கூட ஆர்டர் வாங்கினவன் அஷ்டமி அன்னைக்கே போய்ச் சேர்ந்தான். மாசாமாசம் பென்ஷன் வாங்குதான். நான் அஷ்டமி, நவமி கழியட்டும்னு தசமியில சேர்ந்தேன். அந்த ரெண்டு நாளுக்குள்ள, புதுசாச் சேருதவங்களுக்குப் பழைய பென்ஷன் கிடையாதுன்னு நிப்பாட்டிட்டாவ. எனக்குச் சம்பளத்துல பிடித்தம்தான் அண்ணாச்சி.”

“அப்போ காலண்டர் ஏமாத்திட்டுல்லா?”

அவருக்கு முகம் சுண்டிவிட்டது. “அப்படிச் சொல்லாதீங்க. வேலைக்குச் சேர நல்ல நாள்னுதான் போட்டிருந்தது. ரிட்டயர் ஆக நல்ல நாள்னு போடலையே.”

பாளையங்கோட்டை வந்தது. எழுந்தவர் என்னிடம் மணி கேட்டார். பத்தே முக்கால் என்றேன். உடனே உட்கார்ந்துவிட்டார்.

“உங்க ஸ்டாப்பு வந்துட்டு. எறங்கலையா?” என்றார் கண்டக்டர்.

“ராகு காலம்லா. பத்தரையிலருந்து பன்னெண்டு வரைக்கும் இருக்கு. ஜங்ஷனுக்கு ஒரு டிக்கெட் குடுங்க, போயிட்டு வாரேன்.”

பஸ்ஸில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பத்தேகால் என்று நான் ஒரு பொய் சொல்லியிருந்தால் அவர் இறங்கியிருப்பார்.