மாடியில்லாத வீட்டில் மாடிப்படி

பழைய வீடுகளை இடிக்கும் இடங்களில் அவளைச் 'சம்மட்டி அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். ஆண்பிள்ளைகள் மூச்சு வாங்குகிற இடத்தில் அவள் ஒரே வீச்சில் சுவரைப் பிளப்பாள். அந்தக் கைக்குள் அத்தனை ஆத்திரம். ஆத்திரம் வராமல் என்ன செய்யும்?

அவளுடைய தங்கையை, தங்கையின் புருஷனே உருட்டுக்கட்டையால் அடித்துக் கொன்றான். மண்டை பிளந்து, விலா நொறுங்கி, ரத்தம் தெரு வரை வந்தது. இறப்புப் பதிவேட்டிலோ 'மாடிப்படியில் தவறி விழுந்து மரணம்' என்று ஒரே வரி. அடப்பாவி, அந்த வீட்டில் மாடியே கிடையாது! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்றால் இதுதான்.

அன்றைக்கே ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்பீர்கள். தங்கை மகளுக்கு அப்போது ஆறு வயது. பிள்ளையின் கழுத்தில் கை வைத்தபடி அவன் சொன்னான்: "நீ வாயைத் தொறந்தா இவளும் அதே படியில விழுவா."

பன்னிரண்டு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். பதினெட்டு முடிந்த அன்று, மகள் ஒரு துணிப்பையோடு பெரியம்மா வீட்டுக்கு ஓடிவந்துவிட்டாள். மறுநாளே அந்த வரியை மாற்றச் சொல்லி வழக்குப் போட்டாள் சம்மட்டி.

இத்தனை காலம் தூங்கினீர்களா என்று கேட்டார் நீதிபதி. பிள்ளையின் கதையை வக்கீல் சொல்லிப் பார்த்தார், எடுபடவில்லை. உடலைப் பார்த்த டாக்டர் செத்துப்போயிருந்தார். வீட்டைப் பார்த்துவரக் கோர்ட்டு அனுப்பிய ஆள், மாடிப்படி பதினான்கு என்று எண்ணி எழுதிக்கொண்டு வந்தார். இடையில் அவன் மாடி கட்டியிருந்தான்! எப்போது கட்டினான் என்பதற்கு ஒரு துண்டுக் காகிதம் இல்லை. ரொம்பத் தாமதம் என்று வழக்கைத் தள்ளிவிட்டார்கள். பொறுத்தார் பூமி ஆள்வாராம். இவளுக்கு ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை.

அன்று மத்தியானமே சம்மட்டியோடு அந்த வீட்டுக்குப் போனாள். முதல் படி இரண்டாகத் தெறித்தது. இரண்டாவதை ஓங்கும்போது அவன் ஓடிவந்து அவள் தலைமயிரைப் பிடித்துச் சுவரில் மோதினான். நெற்றி கிழிந்து கண்ணில் ரத்தம் இறங்க, அவள் திரும்பி வீசினாள். அவன் முழங்கால் மடங்கக் கூடாத பக்கம் மடங்கியது. அவன் அலறிக்கொண்டு கிடக்க, அவள் மிச்சப் படிகளை உடைத்துக்கொண்டிருந்தாள்.

ஸ்டேஷனில் ஏட்டு பதிவேட்டைத் திறந்து, அவனுக்குக் கால் எப்படி உடைந்தது என்று கேட்டார். அவள் முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள்.

"மாடிப்படியில தவறி விழுந்துட்டான், எழுதிக்குங்க சார். ஆட்சேபணை இருந்தா பன்னெண்டு வருஷம் கழிச்சு வரச் சொல்லுங்க."